பல் போன இடத்தில் எலும்பு

பல்லைப் பிடுங்கியதும் பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்வது ரத்தத்தை நிறுத்த மட்டுமல்ல. குழிக்குள் உறைந்து நிற்கும் அந்த ரத்தத்தில்தான் புது எலும்பின் வேலை தொடங்குகிறது. முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், சிகரெட்டைத் தொடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பதும் அதைக் காப்பாற்றத்தான். அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் குழியின் எலும்பு மூடாமல் கிடக்கும். குறைய வேண்டிய வலி இரண்டு, மூன்று நாளில் கூடி, காதுவரை இழுக்கும், வாய் நாறும். 'ட்ரை சாக்கெட்' என்பார்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு இது அதிகம். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கிவிடும். வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

இந்தத் தொல்லை இல்லையென்றால், ஒரு வாரத்துக்குள் உறைந்த ரத்தத்தின் இடத்தை நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடும் மென்சதை பிடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு வாரத்தில் ஈறு மேலே மூடிவிடும். ஆறிவிட்டது என்று நாம் நினைப்பது அப்போதுதான். எக்ஸ்-ரே எடுத்தால் குழி இன்னும் தெரியும். அடியிலிருந்தும் பக்கச் சுவர்களிலிருந்தும் வளரும் இளம் எலும்பு இரண்டு மாத வாக்கில் குழியை ஏறக்குறைய நிரப்பும். அது முற்றி உறுதிப்பட நான்கு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் உள்ளே குழி நிரம்பும்போதே வெளியே பல்லைத் தாங்கிய தாடை மேடு ஒடுங்குகிறது. பல்லை எலும்போடு கட்டிய நார்கள் பதிந்திருந்த உட்சுவர் பல்லுக்காகவே இருந்தது. பல் போனதும் உடம்பு அதைக் கரைத்துவிடுகிறது. முன்பற்களின் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் அங்கே இழப்பு அதிகம். கடைவாய்ப் பகுதியில் ஒற்றைப் பல் எடுத்தவர்களை டென்மார்க்கில் ஓராண்டு கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது.

ஆகவே எலும்பில் பதிக்கும் மாற்றுப்பல்லான இம்ப்ளான்ட் பற்றிய பேச்சைப் பல் எடுக்கும் முன்பே தொடங்குவது நல்லது என்பேன். குழியில் எலும்புத்தூள் வைத்தால் ஒடுங்குவது குறையும், முழுதாக நிற்காது. ஞானப்பல்லுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அந்த இடத்தில் பொதுவாக மாற்றுப்பல் வைப்பதில்லை.

எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களும், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் அதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்களில் சிலருக்கு எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.