எஞ்சின் விளக்கு எரியும்போது: மடிகணினி ஸ்கேனர் வாங்குமுன் சில குறிப்புகள்

கல்முனையிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு செல்வதாயினும், வளைகுடா நாட்டுக்குப் புறப்படும் பிள்ளையைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிடுவதாயினும், இரவோடிரவாகப் பயணப்படுவதே எமது கரையோர மக்களின் வழக்கம். அவ்வாறான ஓரிரவில், பாதி வழியில், வேகமானிக்கு அருகே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கினால் என்ன செய்வது? வண்டியை நிறுத்துவதா, ஓட்டுவதா? விளக்கு எரிகிறது என்பதற்கு மேல் வாகனம் எமக்கு எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அது தன் கணினியில் எழுதி வைத்திருக்கிறது என்பதும், அதை வாசிக்கும் கருவியை இன்று வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்பதும் பலர் அறியாத விடயம்.

இவ்வறிவின் தேவை முன்னரைவிட இப்போது கூடியுள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தை விட்டால் வேறு கதியில்லை என்றிருந்தோம். மருதமுனை முதல் பொத்துவில் வரை எமது பாதைகளில் ஓடுபவற்றுள் பெரும் பகுதி ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்த வாகனங்களாகும். அவற்றுக்கு வயது ஏறிவிட்டது. கடற்காற்றின் உப்பு வேறு அவற்றின் மின் இணைப்புகளை அரித்துக் கொண்டிருக்கிறது.

முதலில் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது காரில் இந்த விளக்கு எரிந்தது. திருத்துமிடம் ஒன்றில் கையடக்கக் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, ஒட்சிசன் உணரி பழுது என்றார்கள். மாற்றினோம். பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. போட்ட உணரி தரமற்றது என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். அதுவும் பயன் தரவில்லை. பின்னர் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் மடிகணினியைக் கொண்டுவந்து இணைத்து, அரை மணி நேரம் எண்களைப் பார்த்துவிட்டு, எஞ்சினின் மேற்புறத்தில் வெடித்திருந்த ஓர் இறப்பர் குழாயைக் காட்டினான். விரல் நீளமுள்ள குழாய். இரண்டு உணரிகளின் விலையை நினைத்துப் பார்த்தபோதுதான் இந்த விடயத்தைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் எமக்கு ஏற்பட்டது.

அந்தப் பையன் பார்த்தது என்ன? வாகனம் பதிந்து வைத்திருந்த குறியீடு பி0171. காற்றும் பெற்றோலும் கலக்கும் கலவையில் காற்று மிகை, எரிபொருள் குறைவு என்பதே அதன் பொருள். ஒட்சிசன் உணரி பழுது என்று அது சொல்லவில்லை. புகைக்குழாயில் ஒட்சிசன் மிகுந்திருப்பதை அந்த உணரி சரியாகக் கண்டு சொல்லியது. சேதி கொண்டு வந்தவனையே இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம்! கலவை இவ்வாறு மெலியும்போது எஞ்சின் கணினி தானாகவே எரிபொருளைக் கூட்டிச் சமன் செய்யும். எத்தனை வீதம் கூட்டுகிறது என்பதை ஸ்கேனரில் காணலாம். கூட்டலோ கழித்தலோ 10 வீதத்துக்குள் இருப்பின் பொதுவாகக் கவலைக்கிடமில்லை. எமது காரில், வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்வெண் மிக உயர்ந்திருந்தது. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கிவிட்டது. எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதன் அடையாளம் இது. எஞ்சின் வேகமாகக் காற்றை இழுக்கும்போது அந்தச் சிறு ஓட்டையின் பங்கு அற்பமாகி விடுகிறது. மாறாக வேகத்தில் அவ்வெண் ஏறுமாயின் பெற்றோல் பம்பியையோ வடிகட்டியையோ சந்தேகிக்க வேண்டும்.

குறியீட்டை மட்டும் காட்டும் மலிவுக் கருவிக்கும், ஓடும் எஞ்சினின் எண்களை வரைபடமாகக் காட்டும் மடிகணினிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னையது நோயின் பெயரைச் சொல்கிறது, அதுவும் அரைகுறையாக. பின்னையது நாடி பிடித்துப் பார்க்க உதவுகிறது. பெரிய திரையில் நான்கைந்து அளவீடுகளை ஒருசேரக் காணலாம்; பதிந்து வைத்து, அடுத்த மாதப் பதிவோடு ஒப்பிடலாம்.

இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரைப் போர்த்தியிருந்த புகை மூட்டத்தோடு போராடிய கலிபோர்னிய அரசே, வாகனம் தன் புகைக் கோளாற்றைத் தானே கண்டறிந்து விளக்கெரித்துச் சொல்ல வேண்டும் என்ற விதியை 1988ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு இணைப்பியை வைத்துக் குழப்பியதால், 16 ஊசிகள் கொண்ட ஒரே இணைப்பியும் பொதுவான குறியீடுகளும் வகுக்கப்பட்டு, ஓ.பி.டி.-2 என்ற பெயரில் 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும் இதே முறை வந்தது.

ஜப்பான் தன் உள்நாட்டு வாகனங்களுக்கு வேறு விதியையே வைத்திருந்தது. இங்குதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான பழைய கார்களில் அதே 16 ஊசி இணைப்பி இருக்கும். ஆனால் அது பேசும் மொழி கொம்பனியின் சொந்த மொழியாக இருக்கும். சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய கருவியைச் செருகிவிட்டு, இணைப்புக் கிடைக்கவில்லை என்று அதைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆகவே கருவிக்குப் பணம் கொடுக்குமுன் வாகனத்துக்குள் ஒரு டோர்ச் வெளிச்சத்துடன் குனிந்து பாருங்கள். இணைப்பி பெரும்பாலும் ஸ்டியரிங் வளையத்திலிருந்து இரண்டடி தூரத்துக்குள், கீழ்ப்புறமாக இருக்கும். 16 துளைகளிலும் உலோகம் இராது. 16ஆம் துளை பற்றரியின் 12 வோல்ட்; 4, 5 ஆகியன தரை இணைப்பு. 6ஆம், 14ஆம் துளைகளில் உலோகம் இருப்பின் அந்த வாகனம் 'கேன்' எனப்படும் தொடர்பாடல் முறையைக் கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஜேர்மனியின் பொஷ் கொம்பனி 1986இல் அறிமுகப்படுத்திய இம்முறை 2008 முதல் அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமானது. இன்றைய மலிவுக் கருவிகளும் இதனோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. 7ஆம் துளை மட்டுமே இருந்தால் அது பழைய, மெதுவான முறை. அவ்வாறான காருக்குக் கருவி வாங்கும்போது, அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் ஒருவர் பாவித்துப் பார்த்த கருவியையே தேட வேண்டும். தொண்ணூறுகளின் டொயோட்டாக்கள் பலவற்றுக்குக் கருவியே வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம். பொனட்டுக்கு அடியிலுள்ள சிறு பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்று குறித்த இரு முனைகளைக் கம்பித்துண்டால் இணைத்தால், எஞ்சின் விளக்கே கண்சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும். தவறான முனையை இணைத்தால் புகையும் வரும்.

சந்தையில் மிக அதிகமாகக் கிடைப்பது 'ஈ.எல்.எம். 327' என்ற பெயர் தாங்கிய கருவி. கனடாவின் எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஒரு சிறு சில்லின் பெயர் இது. அதன் முதற் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இடப்படாமையால், உலகெங்கும் போலிகள் பெருகின. எல்ம் நிறுவனம் 2022இல் தன் தொழிலையே மூடிவிட்டது. போலிகளோ இன்றும் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றின் மேலுள்ள பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். 2.1 என்று பொறித்த பல கருவிகள் 1.5 என்று பொறித்தவற்றைவிடக் குறைவாகவே செய்கின்றன. கேன் முறை கொண்ட காரில் குறியீட்டை வாசிக்க மட்டும் போலியே போதும். அதற்கு மேல் வேண்டுவோர் 'ஓ.பி.டி.லிங்க்', 'விலிங்கர்' போன்ற பெயருள்ள கருவிகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீண்போகாது.

புளூடூத்தா, கம்பியா என்று கேட்பின், மடிகணினிக்கு யூ.எஸ்.பி. கம்பியே எமது தெரிவு. இடையில் அறுபடாது, வேகமும் கூட. ஆனால் கம்பிக்குள்ளும் ஒரு சில்லு இருக்கிறது. அதிலும் போலியுண்டு. 2014 ஒக்டோபரில் எப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம் விண்டோஸ் வழியாக அனுப்பிய மேம்படுத்தல், தன் சில்லைப் போலி செய்த கருவிகளைச் செயலிழக்கச் செய்து பெரும் சர்ச்சையை உண்டாக்கியது. பொருளை வாங்கியவன் அது போலியென அறிந்தா வாங்கினான்?

ஹைபிரிட் கார் வைத்திருப்போர் இனிவருவதைக் கவனமாக வாசிக்க வேண்டும். பொதுவான ஓ.பி.டி.-2 என்பது புகையோடு தொடர்புடைய எஞ்சின் பகுதியை மட்டுமே வாசிக்கும். ஏ.பி.எஸ். பிரேக், எயார்பேக், ஹைபிரிட் பற்றரி ஆகியவற்றின் கதையைக் கேட்க கொம்பனியின் சொந்த மென்பொருளோ அதற்கு ஒப்பானதோ தேவை. டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், நிசானுக்குக் கன்சல்ட், ஹொண்டாவுக்கு எச்.டி.எஸ். டெக்ஸ்ட்ரீமுக்கென 'மினி வி.சி.ஐ.' என்ற மலிவுக் கம்பி கிடைக்கிறது. அதற்குரிய இயக்கி பழைய 32 பிட் விண்டோசுக்கென எழுதப்பட்டது என்பதால், வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிகணினியே இதற்கு உகந்தது. அக்கம்பியோடு வரும் இறுவட்டு பெரும்பாலும் உரிமமற்ற பிரதி. அதில் வைரஸ் இருக்கலாம். வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் அதை ஏற்றாதிருப்பது புத்தி. உரிமம் பெற்ற மென்பொருளை வாங்குவது அதைவிட நேர்மை.

2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரின் பற்றரி, 7.2 வோல்ட் கொண்ட 28 அலகுகளாலான 201.6 வோல்ட் பற்றரி. 2011 டிசம்பரில் வெளிவந்த அக்குவாவில் 20 அலகுகள், 144 வோல்ட். பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் 'பற்றரித் தொகுதியை மாற்றுக' என்பது அதன் நேர்ப்பொருள். அதைக் காட்டி முழுப் பற்றரிக்கும் விலை பேசுவோர் உண்டு. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம் அது. ஆனால் கணினி கண்டது அலகுகளுக்கிடையிலான வோல்ட் வேறுபாட்டை மட்டுமே. பிரியஸில் அவை இரண்டிரண்டாக 14 தொகுதிகளாய்த் திரையில் தெரியும். வண்டியை ஓட்டும்போது ஒரே தொகுதி மட்டும் தொடர்ந்து பின்தங்குகிறதா, எல்லாமே தளர்ந்துவிட்டனவா, பற்றரியின் வெப்பம் அளவுக்கு மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக் காற்றால் இணைப்புத் தகடுகளில் களிம்பு படிந்தாலும் வாசிப்புகள் பிறழும். பின் ஆசனத்தின் அருகேயுள்ள சல்லடை வழியாகத்தான் பற்றரிக்குக் குளிர்காற்று போகிறது. திருமணப் பயணத்தில் அதன்மேல் உடுப்புப் பையை வைத்து மூடிவிட்டு, பற்றரி சூடாகிறது என்றால் யார் பொறுப்பு? அவ்வழியின் விசிறியில் அடைந்த தூசியைத் துப்புரவு செய்வது பற்றரி மாற்றுவதற்கு முந்திய வேலை. செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மட்டும் பயிற்சியற்றவர் எவரும் தொடலாகாது. உயிரைக் குடிக்கும் மின்சாரம் அது. வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் வசதி உங்கள் கருவியில் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். எழுதும் நடுவில் பற்றரி தளர்ந்தால் அந்தக் கணினிப் பெட்டியே பாழாகிவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இக்கருவி செய்யும் சேவை தனியானது. விற்பவர் முதல்நாள் குறியீடுகளை அழித்து விளக்கை அணைத்திருக்கலாம். ஓ.பி.டி.-2 மொழி பேசும் காரில் 'ஆயத்தநிலை' என்றொரு பட்டியல் உண்டு. கார் தன் உறுப்புகளைச் சோதித்து முடித்துவிட்டதா என்பதை அது காட்டும். குறியீட்டை அழித்தால் அப்பட்டியலும் அழிந்து, மீண்டும் நிறைவடையச் சில நாள் ஓட்டம் எடுக்கும். பல சோதனைகள் நிறைவுறவில்லை என்று கண்டால், அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்தே ஆகவேண்டும். எரியாவிட்டால் விளக்கையே பிடுங்கியிருக்கவும் கூடும். குறையை மறைத்து விற்பதைத் தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றுவோரின் ஊர்களிலும் இது நடப்பதுதான் வேதனை. 2008இல் இலங்கையில் தொடங்கிய புகைப் பரிசோதனையில் பார்ப்பது வெளிவரும் புகையை. ஆகவே சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் கார் சுகமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

உரிமையாளருக்குத் தன் வாகனத்தின் தகவலைப் படிக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் வாக்கெடுப்புக்கே விடப்பட்டு, பெரும்பான்மையோர் உண்டு என்று வாக்களித்தனர். எமது பகுதிகளில் அத்தகைய சட்டம் பற்றிய பேச்சில்லை. இருக்கும் கருவியைக் கொண்டு நாமே படிப்பதுதான் வழி.

இதனால் எமது மெக்கானிக்குகளின் பிழைப்பு கெடும் என்று கருத வேண்டாம். கைத்திறனுக்குக் கருவி மாற்றாகாது. பி0420 என்று திரையில் வந்தால் புகை வடிகட்டும் கற்றலிற்றிக் பழுது என்றும் ஆகலாம், புகைக்குழாயில் ஓட்டை என்றும் ஆகலாம். காதால் கேட்டும் கையால் தடவியும் அதைக் கண்டுபிடிப்பவர் அவரே. விளக்கு எரிந்தால் உடனே குறியீட்டை அழிக்காதீர்கள். கோளாறு நிகழ்ந்த கணத்தில் வேகம், வெப்பம், எஞ்சின் சுமை என்பன எவ்வாறிருந்தன என்பதும் குறியீட்டோடு சேர்ந்து பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி, திருத்துமிடத்துக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். விளக்கு எரிந்தபடியே நின்றால் மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரலாம். விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் கடுமையாகத் தவறி எரிகிறது என்று பொருள், வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே தகும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட மறக்க வேண்டாம். 16ஆம் ஊசியில் எப்போதும் மின்சாரம் ஓடுவதால், நாட்கணக்கில் செருகியபடி விட்ட கருவி பற்றரியைக் குடித்துவிடும். காலையில் கார் கிளம்பாது.