பட்டனை அழுத்து, ஒரு நொடி பொறு, அப்புறம் பேசு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்ம கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ, பல நாள் கரண்ட்டும் இல்ல, பல ஊர்ல செல்போன் டவரும் வேலை செய்யல. தீயணைப்புத் துறை இன்னும் வாக்கி டாக்கியை விடாம வெச்சிருக்கிறதுக்கு அது ஒரு காரணம். இன்னொன்று, ஒருவர் ஒரு தடவை சொன்னால் களத்தில் இருக்கிற எல்லார் காதிலும் விழும்.

சிக்கலும் அங்கேதான். எல்லாருக்கும் ஒரே சேனல். பட்டனை அழுத்திப் பேசுகிற வரைக்கும் மற்றவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்எம் ரிசீவர் வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். ஈசிஇ மக்களே, பரீட்சைக்குப் படிச்ச கேப்ச்சர் எஃபெக்ட் இதுதான். வண்டிப் பக்கத்தில் நின்று சும்மா பேசுபவரின் குரல், கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து வரும் குரலை அழித்துவிடும். அதனால் முதலில் கேட்க வேண்டும், சேனல் காலியா இருந்தால்தான் பேச வேண்டும்.

அடுத்தது அந்தப் பட்டன். அழுத்தியதும் டிரான்ஸ்மிட்டர் எழுந்து, ரிப்பீட்டர் விழித்து, எதிர்முனை ஸ்பீக்கர் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். உடனே பேசினால் முதல் அசை போய்விடும். வாக்கியம் முடியும் முன்னே விரலை எடுத்தால் கடைசி அசை போய்விடும். ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்கிற சொல் முன்னாடியே வந்துவிடுகிறது. தமிழில் அது வாலில் இருக்கு. "மேலே ஏறாதீங்க" என்பதில் வால் அறுந்தால் மிஞ்சுவது "மேலே ஏறா...", அவசரத்தில் கேட்பவர் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 'உள்ள', 'இல்ல' இரண்டும் முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தால் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். என்னைக் கேட்டால், தமிழில் பேசும்போது தடையை முதலில் சொல்லிப் பழகுவது நல்லது: "நில்லு, மேலே ஏறாதே."

கூப்பிடும்போது கேட்க வேண்டியவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. உத்தரவு வந்தால் "சரி" போதாது, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓவர்' என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன், 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. நம்ம சினிமா போலீஸ் சொல்லும் "ஓவர் அண்ட் அவுட்" ஒன்றை ஒன்று வெட்டும் வசனம்!

திருப்பிச் சொல்வது எதற்கு என்று நியூயார்க்கில் தெரிந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று வர்த்தக மையத்தில் தீயணைப்பு ரேடியோவுக்கென்றே ஒரு ரிப்பீட்டர் இருந்தது. அதன் கைக்கருவியில் ஒரு பட்டன் அழுத்தப்படாததால் அது வேலை செய்யவில்லை என்று வடக்குக் கோபுர அதிகாரிகள் நினைத்துவிட்டதாக விசாரணைக் குழு அறிக்கை சொல்கிறது. 9.59-க்குத் தெற்குக் கோபுரம் விழுந்ததும், வடக்குக் கோபுரத்தில் இருந்தவர்களை வெளியே வரச் சொல்லி ரேடியோவில் உத்தரவு போனது. கேட்டு இறங்கியவர்கள் உண்டு, கேட்காமலே மேலே இருந்தவர்களும் உண்டு. 10.28-க்கு அதுவும் விழுந்தது. அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

கட்டடம் அவ்வளவு உயரமா இருக்கணும்னு இல்ல. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தின் பழைய கலச மகால் எரிந்தபோது கூரை இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

உள்ளே மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டிய சொல் 'மேடே', மூன்று முறை. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து வந்தது. பிறகு எங்கே இருக்கிறேன், யார், என்ன ஆச்சு, சிலிண்டரில் காற்று எவ்வளவு. அந்தச் சொல் கேட்டதும் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், சேனல் அவருக்குத்தான். சில நாடுகளில் வீரர்கள் இடுப்பில் கட்டும் அலறும் கருவியை அதற்கு அப்புறம்தான் அமுக்கச் சொல்கிறார்கள். முன்னாடியே அமுக்கினால் அந்த அலறலில் அவர் குரலே மைக்கில் கேட்காது.