மெலிந்த நாயும் அதன் ஆகாரமும்

கர்நாடக மாநிலத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் முதோல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் பெயரால் வழங்கும் வேட்டை நாய் நீண்ட கால்களும், ஆழ்ந்த மார்பும், ஒடுங்கிய வயிறும் உடையது. பார்வையைக் கொண்டு இரையைத் துரத்தும் இனமாதலின், மெல்லிய உடலே அதற்கு இயல்பாகும். புதிதாக இதனை வளர்ப்போர் விலா எலும்புகளைக் கண்டதும், நாய் பட்டினியால் வாடுவதாகக் கருதி மேன்மேலும் ஆகாரம் இடுவதுண்டு. இவ்விரக்கம் நாய்க்கு நன்மை பயப்பதன்று.

எடையை மட்டும் கொண்டு நாயின் நலத்தை அறிதல் இயலாது. ஒரே இனத்திலும் உயரமும் எலும்பின் பருமனும் வேறுபடும். ஆகவே, கால்நடை மருத்துவர்கள் கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து, உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகின்றனர். 1 என்பது எலும்பும் தோலுமான நிலை. 9 மிகு பருமன். 4, 5 ஆகியவை உகந்தவை. விலாவை மெல்லத் தடவினால், சிறு கொழுப்புப் படலத்தின்கீழ் எலும்புகள் தட்டுப்படவேண்டும். மேலிருந்து நோக்கின் இடை குறுகியிருத்தல் வேண்டும். முதோல் போன்ற இனங்களில் விலா எலும்புகள் சில வெளியே தெரிவதும் இயல்பே. ஆயினும், முதுகெலும்பு துருத்தித் தொடைத் தசையும் வற்றியிருப்பின், அது இயல்பான மெலிவன்று, நலிவேயாகும்.

மிகையான ஆகாரத்தின் தீங்கை அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று விளக்குகிறது. 48 லாப்ரடார் நாய்கள் இணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு அளிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றிற்கு 11.2 ஆண்டுகளே. மூட்டு நோயும் அவற்றிற்குக் காலந்தாழ்த்தியே தோன்றியது.

மெய்யாகவே நலிந்த நாய்க்கு முதலில் செய்யத்தக்கது பரிசோதனையே. குடற்புழு, பல்நோய், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை நீங்காதவரை எவ்வளவு உணவும் உடலில் ஒட்டாது. நோய் இல்லையெனத் தெளிந்தபின் ஆகாரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். 20 கிலோகிராம் எடையுள்ள நாய் அசையாது கிடப்பினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 660 கிலோகலோரி தேவைப்படும். வீட்டில் நடமாடும் வளர்ந்த நாய்க்கு 1,050 முதல் 1,200 வரை வேண்டியிருக்கும். இதனை இரு வேளைகளாகப் பகிர்ந்து அளித்தல் நலம். வெங்காயம் கலந்த மிச்ச உணவு நாயின் இரத்தத்திற்குக் கேடு செய்யுமாதலால் விலக்கத்தக்கது.

இரு வாரங்களுக்கு ஒருமுறை, நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, தம் எடையைக் கழித்துக் குறித்து வைத்தல் எளிது. அவ்வெண்ணுடன் விலாவைத் தடவிய கையின் சாட்சியும் சேர்ந்தால், இயல்பான மெலிவு எது, நோயின் மெலிவு எது என்பது காலத்தில் புலப்படும்.