பச்சைப் புள்ளியைப் படம் பிடிப்போம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்றிருக்கிறீர்களா? பகலில் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் பார்த்துவிட்டு மாலையிலேயே இறங்கிவிடுகிறோம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓர் இரவு அங்கே தங்கிப் பாருங்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் இல்லாத இரவில், சமவெளியின் புழுதியெல்லாம் காலடியில் தங்கிவிடும். வானம் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலருடன் 20 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன். நாங்கள் தேடிப் போனது ஒரு சிறிய பச்சைப் புள்ளி. அதன் பட்டியல் எண் என்.ஜி.சி. 3242. செல்லப்பெயர் ‘வியாழனின் ஆவி’.

கோள் அல்லாத கோள்

யுரேனஸ் கோளை 1781-இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், 1785-இல் இந்தப் புள்ளியையும் கண்டார். இத்தகைய பொருள்கள் சிறிய வட்டத் தட்டுபோல, யுரேனஸின் தோற்றத்தில் இருந்ததால் ‘கோள் நெபுலா’ என்று பெயரிட்டார். உண்மையில் இவற்றுக்கும் கோள்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் உதறிவிட்ட வாயுப் போர்வை இது. நடுவே எஞ்சிய சூடான உள்ளகம் புற ஊதாக் கதிர்களை வீசுகிறது. அவை வாயுவை அயனியாக்கி ஒளிரச் செய்கின்றன. பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் நம் சூரியனும் இப்படித்தான் தன் போர்வையை உதறும்.

பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் மற்றொரு கோள் நெபுலாவின் நிறமாலையை ஆராய்ந்தபோது, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகளைக் கண்டார். ‘நெபுலியம்’ என்ற புதிய தனிமம் இருக்கிறதோ என்று அறிவியலாளர்கள் ஐயுற்றனர். 1927-இல் ஐரா போவன் விடை கண்டார். அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன்தான்! கிளர்ச்சியுற்ற அந்த அயனி பச்சை ஒளியை உமிழ, சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நம் காற்றில் அதற்குள் எண்ணற்ற மோதல்கள் நிகழ்ந்து அதன் ஆற்றலைப் பறித்துவிடும். நெபுலாவின் வெறுமையிலோ அது நிதானமாக ஒளிர முடிகிறது.

நீண்ட குவியத் தூரம் ஏன்?

ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. முழு நிலவின் கோண அளவு சுமார் 1800 விகலை. நம் நெபுலாவோ சுமார் 40 விகலைதான். குவியத் தூரத்தை மி.மீ.-இல் எடுத்துக்கொண்டு 206265-ஐ அதனால் வகுத்தால், பிம்பத்தின் ஒவ்வொரு மி.மீ.-இலும் எத்தனை விகலை அடங்கும் என்பது கிடைக்கும்.

சாதாரண 50 மி.மீ. காமிரா வில்லையில் ஒரு மி.மீ.-க்கு 4125 விகலை. ஆகவே நெபுலாவின் பிம்பம் ஏறத்தாழ 0.01 மி.மீ.; காமிராவின் உணரியில் இரண்டு மூன்று பிக்சல்கள்தான். விண்மீனுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. எங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் 2000 மி.மீ. இதில் ஒரு மி.மீ.-க்கு 103 விகலை, பிம்பம் 0.39 மி.மீ. பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. என்றால், குறுக்கே சுமார் நூறு பிக்சல்கள்! இப்போது உருவம் தெரியும் அல்லவா?

முதல் இரவின் தோல்வி

அந்த இரவில் ஒவ்வொரு படத்துக்கும் 30 வினாடி ஒளி விழச் செய்தோம். வந்த படங்களில் விண்மீன்கள் எல்லாம் சிறு கோடுகள். நெபுலா ஓர் அவரைக்கொட்டை! மாணவர்கள் முகம் வாடிவிட்டது. தவறு என்னுடையதுதான்.

பூமி சுழல்வதால் வானம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. அதற்கு ஈடாகத் தொலைநோக்கியை ஒரு மோட்டார் சுழற்றும். ஆனால் அந்தச் சுழல் அச்சு சரியாகத் துருவத்தை நோக்க வேண்டும். துருவ விண்மீனின் உயரம் அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏறக்குறையச் சமம். ஏற்காட்டில் அது சுமார் 12 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் மறைகிற உயரத்துக்குச் சற்றே அதிகம். நாங்கள் இருந்த இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் அதை மறைத்துவிட்டன. திசைகாட்டியை நம்பி அச்சை அமைத்தேன்.

அச்சு ஒரு பாகை பிசகினால் என்ன ஆகும்? 15-ஐ ஒரு பாகையின் சைன் மதிப்பால் பெருக்குங்கள், வினாடிக்கு 0.26 விகலை வரை நழுவும். 30 வினாடியில் சுமார் 8 விகலை! 50 மி.மீ. வில்லையில் இது கண்ணுக்கே தெரியாது. படத்தைப் பெரிதாக்கும் நீண்ட குவியத் தூரம் பிழையையும் பெரிதாக்குகிறது.

இரண்டு வினாடிப் படங்கள்

மறுநாள் இரவும் மரங்கள் நகரவில்லை. நாங்கள் வழியை மாற்றினோம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டே வினாடி. அதற்குள் நழுவுவது அரை விகலைதான். காற்றின் அலைவே விண்மீனின் பிம்பத்தை இரண்டு விகலை அளவுக்கு அகலப்படுத்துகிறபோது, அரை விகலை ஒரு பொருட்டா?

ஒரு தனிப் படம் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். ஆனால் 600 படங்களை எடுத்து, காற்று அதிகம் அலைந்தவற்றை விலக்கி, மற்றவற்றைக் கணிப்பொறியில் விண்மீன்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கலாம். நெபுலாவின் ஒளி படங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறது. இரைச்சலோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. 400 படங்களைச் சேர்த்தால் தெளிவு 20 மடங்கு!

எல்லா நெபுலாக்களுக்கும் இம்முறை செல்லாது. பரந்து விரிந்த நெபுலாக்களின் ஒளி இரண்டு வினாடியில் பதியாது. சிறிய கோள் நெபுலாவின் ஒளியோ ஒரு சிறு பரப்பில் குவிந்திருக்கிறது. அதன் சிறுமையே நமக்குத் துணை.

விடியுமுன் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பச்சையும் நீலமும் கலந்த முட்டை வடிவம், அதற்குள் பிரகாசமான ஒரு வளையம், நடுவே ஊசிமுனைபோல் அந்த முதிய விண்மீன். முந்தின இரவு வாடிய முகங்கள் கணிப்பொறித் திரையைவிட்டு விலகவில்லை.

நீங்களும் தேடலாம்

பிப்ரவரி இறுதியில் நள்ளிரவையொட்டி இந்த நெபுலா ஏற்காட்டின் தெற்கு வானில் சுமார் 60 பாகை உயரத்தில் உச்சம் பெறும். சேலம் நகர விளக்குகளின் ஒளி தெற்கு அடிவானத்தை வெளுக்கச் செய்தாலும், அந்த உயரத்தில் தொல்லை குறைவு. ஹைட்ரா விண்மீன் குழுவில் மியூ என்ற விண்மீனுக்குத் தெற்கே இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தேடுங்கள்.

புள்ளிகளில் எது நெபுலா என்று ஐயமா? கண்ணருகு வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு கீற்றணித் தகட்டைப் பிடியுங்கள். விண்மீன்கள் வண்ணக் கோடுகளாக நீளும். நெபுலா மட்டும் பச்சைப் புள்ளியாகவே நிற்கும். ஹக்கின்ஸ் கண்ட உண்மை உங்கள் கண்முன்!

ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் சுமார் 110 கி.மீ. வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1977-இல் யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய நோக்கல்களில் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் பங்கேற்றது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இயங்குகிறது. அத்தனை பெரிய கருவி நமக்கு வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்கும், இரண்டாவது இரவுக்கான பொறுமையும் போதும்.