உங்களுக்குத் தெரியுமா? பழைய ஜீப்பின் கியர் பாக்ஸ்: நாமே பிரிப்பதா, ரீகண்டிஷன் வாங்குவதா?

வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த சிஜே-3பி ஜீப்பின் தயாரிப்பு அமெரிக்காவில் 1968-இல் நின்றுவிட்டது. அதே வண்டியை மஹிந்திரா நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தயாரித்தது. பிறந்த ஊரில் பழம்பொருளாகிவிட்ட அதன் டி-90 கியர் பாக்ஸுக்கு இங்கே இன்றும் பேரிங், சீல், பல்சக்கரம் கிடைப்பது அதனால்தான். கல்வராயன் மலைப் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர், கியர் பாக்ஸில் சத்தம் கேட்டதும் பயந்து வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

•

டி-90-இல் முன்னோக்கி மூன்றே கியர். முதல் கியரின் விகிதம் சுமார் 2.8. பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் இன்னொரு 2.46 மடங்கு சேரும். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 6.9. இன்ஜின் ஏழு சுற்றுச் சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று. மழையில் அரித்துப்போன மலைத்தடத்தில் சுமையோடு ஏறவைப்பது இந்தக் கணக்குதான்.

•

கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ அந்த முதல் கியருக்குக் கிடையாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டுமே உண்டு. ஓடும் வண்டியில் முதல் கியரை அழுத்தித் திணித்தால் பல்லின் முனை மழுங்கும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குபவர் சரிவு தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் போடும் பழைய முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கியர் பாக்ஸின் ஆயுளைப் பாதி தீர்மானிப்பது ஓட்டுபவரின் கைதான்.

•

சத்தத்தை வைத்தே நோயைப் பெருமளவு சொல்லிவிடலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதித்ததும்தான் சத்தமே ஆரம்பிக்கிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். கியர் பாக்ஸைப் பிரிக்கவே வேண்டாம். ஓடும்போது முதல் இரண்டு கியரில் அலறி, மூன்றாவதில் அடங்கினால் கிளஸ்டர் கியரும் (கீழே ஒரே துண்டாக இருக்கும் பல்சக்கரத் தொகுதி) அதன் நீடில் பேரிங்கும் தேய்ந்திருக்கின்றன. மூன்றாவது கியரில் விசை நேராகப் போய்விடும், கிளஸ்டர் மேல் பளு விழாது. அதனால்தான் அந்த அமைதி.

எல்லாக் கியரிலும் மெல்லிய ஊளை கேட்கிறதா? டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள். இந்த வகையில் இரண்டு சக்கர ஓட்டத்திலும் விசை இடைப் பல்சக்கரம் வழியாகத்தான் போகிறது, ஆகவே ஓரளவு ஊளை அதன் இயல்பு. இது தெரியாமல் நல்ல கியர் பாக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குபவர்களைக் கண்டால் மனம் வலிக்கிறது.

•

கைபிரேக் பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். சிஜே-3பி-யில் கைபிரேக் டிரம் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில். அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிவிடும். மலையில் வண்டியை நிறுத்துபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. சீலின் விலையோ மிகக் குறைவு.

•

காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர ஓட்டம் வேண்டவே வேண்டாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓடுகின்றன. அந்த வேறுபாட்டை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. முறுக்கு முழுவதும் பல்லிலும் ஷாஃப்டிலும் ஏறும். சேறு, மணல், சரளை என்றால் சக்கரம் வழுக்கி முறுக்கைக் கழித்துவிடும்.

•

கியர் பாக்ஸுக்குத் தேவைப்படும் ஆயில் முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவு சிறிய அளவில் சிறிது குறைந்தாலும் பேரிங் காயும். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்தால், ஏற்றத்தில் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. இரண்டின் அளவையும் தனித்தனியே பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறிய பிறகு ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஜிஎல்-5 வகையிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள்.

•

நாமே பிரிக்க முடியுமா? பொறுமையும் இன்னொரு ஆளும் இருந்தால் முடியும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாகவே இறங்கும், பாரம் அதிகம். தனியாகப் படுத்துக்கொண்டு இறக்க நினைப்பது ஆபத்து. இறக்கியதும் பலர் திணறும் இடம் ஒன்று உண்டு: சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றினாலும் இரண்டும் பிரியாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு வட்ட மூடி இருக்கும். அதற்குள் மெயின் ஷாஃப்ட் நட், காட்டர் பின்னோடு உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால்தான் வழி பிறக்கும். சுத்தியலால் தட்டிப் பிரிக்கப் பார்த்தால் வார்ப்பிரும்பு உறை விரிசல் விடும்.

கிளஸ்டர் கியருக்குள் இருக்கும் நீடில்கள் தனித்தனி ஊசிகள். ஷாஃப்டை உருவியதும் கொட்டிவிடும். அதே பருமனில், கிளஸ்டர் நீளத்துக்கு ஒரு டம்மி ஷாஃப்டை லேத் பட்டறையில் கடைந்து வைத்துக்கொண்டு, கிரீஸ் தடவி ஊசிகளை ஒட்டிவைத்துப் பூட்ட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். பேரிங்கை அடித்து ஏற்றாமல் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

•

'ரீகண்டிஷன்' என்ற பெயரில் கிடைக்கும் எல்லாமே ஒரே தரம் என்று நம்பிவிடக் கூடாது. ஒருவர் பேரிங், ரிங், சீல் எல்லாவற்றையும் மாற்றித் தருவார். இன்னொருவர் டீசலில் கழுவி, புது பேக்கிங் வைத்து, பெயிண்ட் அடித்துத் தருவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சென்னை புதுப்பேட்டை வரை போய் வாங்கினாலும் இதே எச்சரிக்கை தேவை. இன்புட் ஷாஃப்டின் நீளமும் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் உங்கள் கிளட்சுக்குப் பொருந்துமா என்று அளந்து பாருங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

•

என் தீர்ப்பு இது. சீல், பேரிங், பித்தளை ரிங் அளவில் கோளாறு நின்றால் நீங்களே பிரித்துப் பூட்டுங்கள். செலவும் குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கடைசிவரை தெரியும். உறையில் விரிசல், கிளஸ்டரிலும் மெயின் ஷாஃப்டிலும் ஒருசேரப் பல் உடைவு என்றால் உதிரியாக வாங்கிச் சேர்க்கும் செலவு கட்டுப்படியாகாது; நல்ல ரீகண்டிஷன் வாங்குவதே சரி. அப்போதும் உங்கள் பழைய உறை நன்றாக இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் மேல் மூடியைத் திறந்து பல்லைக் காட்டச் சொல்லுங்கள், ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.