போர் முடிந்த பிறகு – 11: கேஷியருக்குப் பாவாடை உடுத்திய ஆஸ்பத்திரி

1911-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் மேல் மோட்டார் கார் மோதியது. கார் மாநில செனட்டர் ஒருவருடையது. அடிபட்டவர் அவருக்கே எடுபிடி வேலைகள் செய்துவந்த ஆல்பர்ட் கேஷியர். முறிந்த காலைப் பார்க்க வந்த டாக்டர் உடுப்பைத் தளர்த்தியபோதுதான், ஊரே ஆண் என்று அறிந்திருந்த அந்த மனிதர் பெண் உடலோடு பிறந்தவர் என்பது தெரிந்தது.

அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர் கேஷியர். 1862-இல் இல்லினாயின் 95-ஆவது காலாட்படையில் சேர்ந்து, விக்ஸ்பர்க் முற்றுகை உட்பட உள்நாட்டுப் போரின் மூன்று ஆண்டுகளைக் களத்தில் கழித்தார். போருக்குப் பிறகு சோனமின் என்ற சிற்றூரில் தங்கி, பண்ணை வேலை, தேவாலயத்தைப் பெருக்கும் வேலை, தெருவிளக்கு ஏற்றும் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். தேர்தலில் வாக்களித்தார், ராணுவ ஓய்வூதியம் வாங்கினார். தன்னை ஆண் என்றே சொன்னார், ஆணாகவே வாழ்ந்தார்.

டாக்டரும் செனட்டரும் வாயைத் திறக்கவில்லை. குவின்சி நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று இருந்த இல்லத்தில் கேஷியரைச் சேர்த்தார்கள். அங்கே விஷயம் தெரிந்த சிலரும் அதை வெளியே விடவில்லை. மூன்று வருடம் மற்ற கிழட்டுச் சிப்பாய்களோடு ஒரு சிப்பாயாக அவர் இருந்தார். 1914-இல் நினைவு தடுமாறத் தொடங்கவே வாட்டர்டவுன் மனநல ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே அவரைப் பெண்கள் பகுதியில் போட்டு, வற்புறுத்திப் பாவாடை உடுத்தினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் கால்சட்டை தவிர வேறு அறியாதவர், அந்தப் பாவாடை தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார், அதன்பின் படுக்கைதான் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆள்மாறாட்டமோ என்று ஓய்வூதிய அலுவலகம் விசாரணை தொடங்கியது. பழைய படைத் தோழர்கள் வந்து, எங்களோடு போரிட்ட கேஷியர் இவர்தான் என்று சாட்சி சொன்ன பிறகே அது ஓய்ந்தது. 1915 அக்டோபரில் இறந்தபோது ராணுவச் சீருடையில், ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள்.

நோயாளி ஒருவர்தான், மாநிலமும் ஒன்றுதான். ஓர் இடத்தில் மானத்தோடு இருந்தவரை இன்னோர் இடம் ஒடித்துப்போட்டது. எந்தச் சட்டமும் இதைத் தீர்மானிக்கவில்லை. அன்றன்று பொறுப்பில் இருந்தவர்களின் மனசுதான் தீர்மானித்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் இதே நிலைதான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட திருநங்கை கிறிஸ்டின் ஜோர்கென்சன், பாலினம் மாற்றும் சிகிச்சை தேடி 1950-இல் டென்மார்க்குக்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

திருநங்கைகள் பலர் ஏன் ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு, விமானப் படையில் மனநல மருத்துவராக இருந்த ஜார்ஜ் பிரவுன் 1988-இல் ஒரு விடை எழுதினார். ஆண் உடலோடு பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்ந்த 11 பேரை அவர் ஆராய்ந்திருந்தார். உள்ளே எழும் குரலை அடக்க, இருப்பதிலேயே முரட்டு ஆண்மை கொண்ட வேலையைத் தேடிப் போகிறார்கள், அந்தத் தவிப்பு உச்சத்தில் இருக்கும் வயதும் படையில் சேரும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுகிறது என்றார் அவர். இதைப் படித்தால் அந்த இளைஞர்கள் எதிலிருந்து தப்பி ஓடினார்கள் என்பது விளங்கும். ஓடிப் போய்ச் சேர்ந்த இடமோ வாய் திறந்தால் வேலை போகும் இடம். 2016 ஜூன் 30 வரை அதுதான் அமெரிக்க ராணுவத்தின் விதி. ராணுவ டாக்டரிடம் சொல்வது மேலதிகாரியின் காதுக்குப் போகலாம் என்பதும் சிப்பாய்களுக்குத் தெரியும். டாக்டரிடம் உண்மை பேசக்கூடாது என்பதை இருபது வயதிலேயே பழகிவிட்டவர், ஓய்வுபெற்றுப் போய் நிற்பதும் அரசின் இன்னோர் ஆஸ்பத்திரி வாசலில்தான். கையில் இருக்கும் பணிவிடுவிப்புச் சான்றிதழில் பழைய பெயர். எதிரே வேறு முகம், வேறு குரல். காத்திருப்போர் கூடத்தில் அந்தப் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால், எழுந்து போவதா வேண்டாமா என்பதே அவருக்கு ஒரு போராட்டம்.

2003-இல் மோனிகா ஹெல்ம்ஸும் தோழர்களும் அமெரிக்கத் திருநர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்தவர் ஹெல்ம்ஸ். இன்று உலகமெங்கும் ஏற்றப்படும் நீலமும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான திருநர் கொடியை 1999-இல் வடிவமைத்தவரும் இவரே. முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் ஆஸ்பத்திரிகளில் ஊருக்கு ஒரு நடைமுறை இருந்ததை எதிர்த்து இவர்கள் குரல் கொடுத்தார்கள். 2011 ஜூனில் நலத்துறை நாடு முழுவதற்கும் பொருந்தும் ஓர் ஆணையைப் போட்டது. நோயாளி தன்னை யாரென்று சொல்கிறாரோ அப்படியே அழைக்க வேண்டும், அதற்கேற்ற அறையில் படுக்க வைக்க வேண்டும், ஹார்மோன் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் தர வேண்டும். பாலினம் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு மட்டும் இடமில்லை. வெளியே செய்துகொண்டு வந்தால் அதன் பின்விளைவுகளுக்கு மருத்துவம் உண்டு. எனக்கு இது பெரிய ஆணை. கேஷியருக்குக் குவின்சியில் தயவாகக் கிடைத்தது இங்கேதான் உரிமையாக எழுதப்பட்டது.

ஆணை வந்தாலும் கணினி மாற வேண்டுமே. மருத்துவப் பதிவில் ‘பால்’ என்ற கட்டம் அப்போது ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கணினி டாக்டருக்கு நினைவூட்டல் அனுப்பும். திருநம்பி ஒருவர் தன் பதிவை ஆண் என்று மாற்றிக்கொண்டால், அவருக்குக் கர்ப்பப்பை இருந்தாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான நினைவூட்டல் வராது. திருநங்கை ஒருவர் பெண் என்று மாற்றிக்கொண்டால் புராஸ்டேட் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பொதுவாக அந்தச் சுரப்பி உள்ளேதான் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் திருநம்பிக்கு ஹீமோகுளோபின் ஆண்களின் அளவுக்கு உயரும். பதிவில் பெண் என்றிருந்தால் ஆய்வகம் அதை இயல்பை மீறிய அளவென்று குறித்து அனுப்பும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் சூத்திரத்திலும் பால் ஒரு கூறு. ஆகவே பெயரையும் பாலையும் மாற்றுவதோடு வேலை முடியாது. இந்த உடலில் எந்த உறுப்பு இருக்கிறது, எந்த மருந்து ஓடுகிறது என்று ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்கத் தெரிந்த டாக்டர்கள் குறைவு. நலத்துறை இதற்கு நல்ல வழி ஒன்று கண்டது. எங்கோ சிற்றூரில் இருக்கும் டாக்டர், நிபுணர் குழுவுக்கு நோயாளியின் விவரத்தைக் கணினி வழியே அனுப்பி எழுத்தில் ஆலோசனை பெற முடிந்தது. 2015-இல் கிளீவ்லாந்தில் திருநர்களுக்கென்றே தனி கிளினிக்கும் திறந்தார்கள். தேவை எவ்வளவு அவசரமானது என்பதை ஜான் பிளாஸ்னிச்சும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருந்தது. பாலின அடையாளக் கோளாறு என்று பதிவான முன்னாள் ராணுவத்தினரிடையே தற்கொலை தொடர்பான நிகழ்வுகள், நலத்துறையின் பொது நோயாளிகளிடையே இருந்ததைவிட 20 மடங்குக்கும் அதிகம்.

அறுவை சிகிச்சைக்கான தடையை நீக்கக் கோரி 2016-இல் நலத்துறையிடம் மனு போடப்பட்டது. 2021-இல் நலத்துறையின் அன்றைய செயலர் செய்கிறோம் என்று அறிவித்தார். 2024-இல் மனு நிராகரிக்கப்பட்டது.

2025 மார்ச்சில் நலத்துறை, 2011 ஆணையின் தொடர்ச்சியாக இருந்த ஆணையையே ரத்து செய்தது. ஏற்கெனவே நலத்துறையிடம் ஹார்மோன் பெறுபவர்களுக்கு அது தொடரும். ராணுவத்தில் இருந்தபோதே பெற்று, அப்படியே வெளியேறியவர்களுக்கும் உண்டு. புதிதாக வந்து கேட்பவர்களுக்குக் கிடையாது. பதிவு செய்திருக்கும் 91 லட்சம் பேரில் திருநர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்று துறையே மதிப்பிட்டது.

இந்த விலக்கு யாரைக் காக்கிறது என்று பாருங்கள். முன்பே வாய் திறந்தவர்களை. வியட்நாமுக்குப் போய்வந்து, பெற்றோர் காலம் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, எழுபத்தைந்து வயதில் முதன்முதலாக டாக்டரிடம் உண்மையைச் சொல்பவர் வெளியே நிற்கிறார். அவரோடு ஒரே படைப்பிரிவில் இருந்த இன்னொருவர் 2014-இல் சொல்லி ஹார்மோன் பெறத் தொடங்கியிருந்தால் அவருக்கு மாத்திரை உண்டு. தாமதமாகப் பேசியதற்குத் தண்டனை என்றால், பேசாதே என்று அவரை அதட்டி வைத்திருந்தது அதே அரசின் ராணுவம் அல்லவா? டெஸ்டோஸ்டிரோன் குறைந்த வயதான ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதே ஆஸ்பத்திரிகளின் மருந்தகம் இதே ஹார்மோன்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது, எழுதிக்கொடுக்கத் தெரிந்த டாக்டர்களும் 2011 ஆணைக்குப் பிறகு உருவாகிவிட்டார்கள். புதிதாக வருகிறவருக்கு அதை எழுதிக்கொடுக்கும் அனுமதியைத்தான் பறித்திருக்கிறார்கள். அதைத் திரும்பத் தர வேண்டும்.

(தொடரும்)