சூலியா தெருவும் மீ ரெபுஸும்

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள சூலியா தெருவுக்குப் பெயர் தந்தவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த அவர்களைச் சூலியர் என்று அழைத்தனர். அத்தெருவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. மாலை மங்கியதும் சாலையோரத்தில் அங்காடிக் கடைகள் திறக்கப்படும். கொதிநீரில் வேகும் மீயின் ஆவி நடைபாதையெங்கும் பரவும்.

பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவத்தால் பெயர்பெற்ற மீ வகைகளுள் ஒன்று மீ ரெபுஸ். ‘மீ’ என்பது ஹொக்கியன் சொல். ‘ரெபுஸ்’ என்றால் மலாயில் வேகவைத்தது என்று பொருள். உணவின் பெயரில் தமிழ் இல்லை. ஆனால், அதை விற்பவரை மக்கள் ‘மாமாக்’ என்கின்றனர். அது ‘மாமா’ என்னும் தமிழ் உறவுப்பெயரிலிருந்து வந்தது. மிளகாய் விழுதை எண்ணெயில் வதக்கிக் குழம்பு கூட்டும் முறையும் நம் வீட்டு அடுப்படிக்குப் பழக்கமானதே.

இக்குழம்பைக் கூட்டுவோர் பலர் அளவுகளை எழுதி வைப்பதில்லை. கண்ணும் கையுமே அளவுகோல். வண்டி நின்றுவிட்டால் அந்தச் சுவையும் அதனோடு போய்விடும். ஆகவே, வீட்டில் ஒருமுறையேனும் செய்து பழகுவது வீண்வேலையன்று.

நால்வருக்கு 15 காய்ந்த மிளகாய், 10 சின்ன வெங்காயம், 4 பல் பூண்டு, ஒரு கைப்பிடி காய்ந்த இறால் ஆகியவை போதும். மிளகாயையும் இறாலையும் ஊறவைத்து, மற்றவற்றோடு சேர்த்து அரைக்க வேண்டும். விழுதைச் சிறு தீயில், எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். மிளகாயின் காரப்பொருள் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் குழம்பில் பச்சை வாடை தங்கிவிடும். தீயைக் கூட்டினாலோ விழுது கருகிக் கசக்கும்.

அடுத்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 400 கிராம் கிழங்கை அவித்து, மசித்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து விழுதோடு சேர்க்க வேண்டும். கிழங்கின் மாவுச்சத்து குழம்பைக் கெட்டியாக்கும். அதன் இனிப்பு காரத்தைத் தணிக்கும். சிலர் சோளமாவைக் கரைத்து ஊற்றி வேலையைச் சுருக்குவர். குழம்பு கெட்டியாகும், ஆனால், அந்த இனிப்பு வராது. கிழங்குக் குழம்பு எளிதில் அடிப்பிடிக்கும் என்பதால், அகப்பையை ஓயாமல் சுழற்ற வேண்டும். உப்பும் சிறிது புளிக்கரைசலும் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கவிடலாம்.

மிளகாய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியரின் கடற்பயணங்களுக்குப் பிறகே அவை ஆசியச் சமையலறைகளை எட்டின. சூலியரைப் போலவே இவையும் கப்பலேறி வந்தவைதாம்.

மஞ்சள் மீ 500 கிராம் தேவை. அதன் மாவில் காரத்தன்மையுள்ள நீரைச் சேர்த்துப் பிசைவதால்தான் மீ இழுபடும் தன்மையைப் பெறுகிறது. அதனால் ஒரு வாடையும் இருக்கும். கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி வடித்தால் வாடை நீங்கும். நெடுநேரம் விட்டால் மீ குழைந்துவிடும்.

மீயைக் கிண்ணத்தில் இட்டு, சுடச்சுடக் குழம்பை ஊற்றி, அவித்த முட்டை, பொரித்த தௌஹூ, தௌகே, வறுத்த வெங்காயம் ஆகியவற்றை மேலே பரப்ப வேண்டும். எலுமிச்சையை உண்ணும்போதுதான் பிழிய வேண்டும். முன்பே பிழிந்தால் அதன் மணம் சூட்டில் பறந்துவிடும்.